மலையக டவுன்களில் லிப்பிட் புரொபைல்: கொடுக்கும் காசுக்கு என்ன கிடைக்கிறது?

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை, பதுளை என்று எந்த டவுனில் இறங்கினாலும் பஸ் ஸ்டாண்டை அண்டி ஓர் ஆய்வுகூடத்தின் இரத்தம் எடுக்கும் நிலையம் இருக்கும். வாசல் பெனரில் ‘ஹார்ட் பேக்கேஜ்’ என்று ஒரு விலை போட்டிருப்பார்கள். அதற்குள் லிப்பிட் புரொபைல், அதாவது இரத்தக் கொழுப்புச் சோதனை, கட்டாயம் இருக்கும். அதற்கு மேல் ஆளைப் பார்த்து அப்போ-பி (கொழுப்புத் துணிக்கையின் புரதம்), லிப்போபுரதம்-ஏ (பரம்பரையாக வரும் ஒரு கொழுப்புத் துணிக்கை), எச்எஸ்-சிஆர்பி (உடம்பின் அழற்சியைக் காட்டும் புரதம்), ஒட்சியேறிய எல்டிஎல் (‘கெட்ட’ கொலஸ்ரோலைச் சுமக்கும் துணிக்கை ஒட்சியேற்றத்தால் மாறியது) என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். இங்கே மதிப்பிடுவது எந்தவொரு கம்பனியையும் இல்லை, அந்தப் பட்டியலை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சாதாரண லிப்பிட் புரொபைல் கொடுக்கும் காசுக்குப் பெறுமதியானது. லிப்போபுரதம்-ஏ சிலருக்கு ஒரே ஒரு தடவை தேவை. ஒட்சியேறிய எல்டிஎல் சோதனையை மலையகத்தில் இருந்து செய்விப்பது வீண்செலவு. நாடிச் சுவரைக் கெடுப்பதே அந்த ஒட்சியேறிய எல்டிஎல்தானே, அதை அளப்பது எப்படி வீண்செலவாகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் தெரிய, சுவருக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கவேண்டும்.

முதலில் ரிப்போட். அதில் ஆறேழு வரி இருந்தாலும் பெரும்பாலான இடங்களில் இயந்திரம் நேராக அளப்பது மூன்றைத்தான்: மொத்தக் கொலஸ்ரோல், திரைகிளிசரைட்டு என்ற இன்னொரு கொழுப்பு, ‘நல்ல’ கொலஸ்ரோலான எச்டிஎல். எல்டிஎல் கணக்குப் போட்டு எடுப்பது. 1972இல் ஃப்ரீடுவால்டும் சகாக்களும் தந்த சூத்திரம் அது. மொத்தத்தில் இருந்து எச்டிஎல்லையும், திரைகிளிசரைட்டில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிக்கவேண்டும். மொத்தம் 232, எச்டிஎல் 38, திரைகிளிசரைட்டு 240 மில்லிகிராம் (எல்லாம் ஒரு டெசிலீற்றருக்கு) என்றால் 232 − 38 − 48 = 146. திரைகிளிசரைட்டு 400ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது. அப்போது எல்டிஎல்லை நேராக அளக்கச் சொல்லவேண்டும். 400ஐத் தாண்டிய ரிப்போட்டிலும் கணக்குப் போட்ட எல்டிஎல்லை அச்சடித்துத் தரும் இடம் கவனமில்லாத இடம் என்று எடுத்துக்கொள்ளலாம். சில இடங்கள் லீற்றருக்கு இத்தனை மில்லிமோல் என்று தருகின்றன. கொலஸ்ரோலை 38.67ஆல் பெருக்கினால் மில்லிகிராம் வரும், திரைகிளிசரைட்டுக்கு 88.57.

இனிச் சுவர். நாடியின் உட்பக்கம் முழுவதும் ஒற்றை அடுக்குக் கலங்களால் ஆன அகவணி படர்ந்திருக்கிறது. நல்ல நிலையில் இருக்கும் அகவணி நைத்திரிக் ஒட்சைட்டைச் சுரக்கும். அதனால் குழாய் தளர்ந்து விரியும், குருதிச் சிறுதட்டுகள் ஒட்டாது, வெண்குருதிக் கலங்கள் வழுக்கிக்கொண்டு போய்விடும். எல்டிஎல் துணிக்கையின் விட்டம் ஏறக்குறைய 22 நனோமீற்றர். உள்ளே கொலஸ்ரோல் எஸ்டர், வெளியே பொஸ்போலிப்பிட்டு உறை, அதைச் சுற்றி 4,536 அமினோ அமிலங்கள் கொண்ட அப்போ-பி புரதம் ஒன்றே ஒன்று. இந்தத் துணிக்கை அகவணியைத் தாண்டுவது கலங்களுக்கு இடையிலுள்ள சந்து வழியாக மட்டுமல்ல. அகவணிக் கலமே அதைச் சின்னப் பைக்குள் ஏந்தி, உள்ளே கடத்தி, மறுபக்கம் விடுகிறது. எஸ்ஆர்-பி1 என்ற வாங்கி (கலத்தின் மேற்பரப்பில் பொருட்களைப் பிடிக்கும் புரதம்) இந்த வேலையைச் செய்கிறது என்று 2019இல் காட்டப்பட்டது.

எல்டிஎல் உள்ளே போவதும் வெளியேறுவதும் எல்லோருக்கும் நடப்பதுதான். தங்குவதில்தான் தொல்லை தொடங்குகிறது. சுவரின் உட்படையில் உள்ள புரோட்டியோகிளைக்கன்கள் என்ற சீனிச் சங்கிலிப் புரதங்களுக்கு மறை ஏற்றம். அப்போ-பியின் சில இடங்களுக்கு நேர் ஏற்றம். இரண்டும் பிடித்துக்கொள்கின்றன. வில்லியம்ஸ், தாபஸ் என்ற ஆய்வாளர்கள் 1995இல் இந்தத் தங்கலையே நோயின் முதல் படியாக வைத்தார்கள். நாடி கிளை பிரியும் இடங்களிலும் வளைவுகளிலும் குருதி நேராக ஓடாமல் சுழல்வதால், அங்கே அகவணியும் பலவீனம், தங்கலும் அதிகம். கழுத்து நாடி பிரியும் இடத்தையே ஸ்கேனில் குறிவைத்துப் பார்ப்பது அதனால்தான்.

தங்கிய துணிக்கைக்குக் குருதியில் இருந்த ஒட்சியேற்ற எதிரிகளின் காவல் இல்லை. லிப்பொக்சிஜனேசு, மயலோபெரொக்சிடேசு போன்ற நொதியங்களும் சுயாதீன மூலிகங்களும் அதைத் தாக்குகின்றன. முதலில் உடைவது உறையிலுள்ள பொஸ்போலிப்பிட்டின் நிரம்பாத கொழுப்பமிலங்கள். இந்தக் கட்டத்தில் துணிக்கை அரைகுறையாகத்தான் மாறியிருக்கும், வழமையான எல்டிஎல் வாங்கி அதை இன்னும் அடையாளம் காணும். ஆனால் அகவணிக்கு அதுவே போதும். வெண்குருதிக் கலங்களை அழைக்கும் எம்சிபி-1 என்ற சமிக்ஞைப் புரதத்தை அது வெளியிடத் தொடங்கிவிடும். அடுத்த கட்டத்தில், உடைந்த கொழுப்பில் இருந்து வரும் மலோன்டைஅல்டிகைட்டு போன்ற பொருட்கள் அப்போ-பியின் லைசின்களில் ஒட்டி அதன் நேர் ஏற்றத்தை அழிக்கின்றன. இப்போது எல்டிஎல் வாங்கிக்கு அது யாரென்று தெரியாது. கெட்டுப்போன பொருட்களைப் பிடிக்கும் துப்புரவு வாங்கிகள் பிடித்துக்கொள்கின்றன.

இந்த வேறுபாட்டின் கனத்தைக் காட்டியவர்கள் பிரவுன், கோல்ட்ஸ்டீன் என்ற ஆய்வாளர்கள். கலத்துக்குள் கொலஸ்ரோல் நிறைந்தால் எல்டிஎல் வாங்கி தானாகக் குறையும். ஆகவே சாதாரண எல்டிஎல் எவ்வளவு இருந்தாலும் பெருவிழுங்கிக் கலம் (கழிவை விழுங்கும் வெண்குருதிக் கலம்) அதைக் குவிக்காது. ஆனால் அசற்றைல் என்ற இரசாயனக் கூட்டத்தைச் சேர்த்து மாற்றிய எல்டிஎல்லை அது நிற்காமல் விழுங்கும் என்று 1979இல் அவர்களின் குழு கண்டது. உடம்பில் அசற்றைல் சேர்ப்பது யார் என்ற கேள்வி எழுந்தது. அகவணிக் கலங்களோடு வளர்த்த எல்டிஎல்லும் அதேபோல விழுங்கப்படுகிறது என்று 1981இல் ஸ்டைன்பேர்க்கின் குழு காட்டியபோது பார்வை ஒட்சியேற்றத்தின் பக்கம் திரும்பியது. விழுங்கி வீங்கிய கலங்கள்தான் நுரைக்கலங்கள். நாடியில் தெரியும் மஞ்சள் கோடு அவற்றின் கூட்டம்.

அகவணியின் சொந்தத் துப்புரவு வாங்கி லொக்ஸ்-1. ஜப்பானில் சவமுராவின் குழு 1997இல் மாட்டின் பெருநாடி அகவணியில் இருந்து அதைக் கண்டெடுத்தது. நலமான அகவணியில் லொக்ஸ்-1 குறைவு. உயர் குருதியழுத்தத்தோடு வரும் அஞ்சியோரென்சின்-2 என்ற ஓமோன், கூடிய சீனி, சுழலும் ஓட்டம் எல்லாம் அதைக் கூட்டுகின்றன. ஒட்சியேறிய எல்டிஎல் தானும் கூட்டுகிறது. கெடுதல் தன்னைத் தானே வளர்ப்பது இங்கேதான். லொக்ஸ்-1இல் துணிக்கை பொருந்தியவுடன் கலத்தின் என்ஏடிபிஎச் ஒட்சிடேசு என்ற நொதியம் விழித்து, சுப்பரொட்சைட்டு என்ற சுயாதீன மூலிகத்தை உமிழ்கிறது. சுப்பரொட்சைட்டு, கையிருப்பிலுள்ள நைத்திரிக் ஒட்சைட்டோடு சேர்ந்து பெரொக்சிநைத்திரைற்று ஆகிறது. நைத்திரிக் ஒட்சைட்டு செய்யும் நொதியத்துக்குத் துணை வேண்டும். அந்தத் துணையான டெட்ராஹைட்ரோபயோப்டெரின் இதனால் ஒட்சியேறிப் போகிறது. துணையிழந்த நொதியம் நைத்திரிக் ஒட்சைட்டுக்குப் பதில் சுப்பரொட்சைட்டையே செய்யத் தொடங்குகிறது. காவலுக்கு வைத்த ஆளே கொள்ளைக்குப் போகும் கதை. இன்னொரு பக்கம் என்எஃப்-கப்பாபி என்ற சுவிட்சு போடப்பட்டு, கலத்தின் மேற்பரப்பில் விகாம்-1, ஐகாம்-1, ஈ-செலக்டின் என்ற பிடிகள் முளைக்கின்றன. வழுக்கிப் போய்க்கொண்டிருந்த மொனோசைட்டுகள் என்ற வெண்குருதிக் கலங்கள் அவற்றில் சிக்கி, ஒட்டி, உள்ளே இறங்கிப் பெருவிழுங்கிகளாகின்றன.

நீரிழிவுக்காரரின் எல்டிஎல் இதில் இன்னும் வசமாக மாட்டும். சீனி ஏறிய அப்போ-பி, எல்டிஎல் வாங்கியில் சரியாகப் பொருந்தாது. குருதியில் கூடுதல் நேரம் சுற்றும், ஒட்சியேறவும் இலகு. திரைகிளிசரைட்டு கூடிய உடம்பில் எல்டிஎல் துணிக்கைகள் சின்னதாகவும் அடர்த்தியாகவும் ஆகின்றன, அவற்றின் போக்கும் இதுதான். சிகரெட், பீடி பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இத்தனையும் சுவருக்குள் நடப்பவை. முழங்கையில் எடுக்கும் ஐந்து மில்லிலீற்றர் இரத்தத்தில் இதில் எதுவும் நேராகத் தெரியாது. ஒட்சியேறிய எல்டிஎல் சோதனை பிடிப்பது சுவரில் இருந்து குருதிக்குள் கசிந்து வந்த சொற்பத்தை. எந்தப் பிறபொருளெதிரியைக் கொண்டு பிடிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும். பிரபலமான முறையின் விடை மொத்த எல்டிஎல்லோடு சேர்ந்தே ஏறி இறங்குவதால் புதிதாக அதிகம் சொல்வதில்லை. அதைவிட மோசமான குறை கையாளுதலில். ஒட்சியேற்றம் குழாய்க்குள்ளும் தொடரும். ஈடிடிஏ குழாயில் எடுத்து, குளிரில் வைத்து, உடனே சுழற்றி, திரவவிழையத்தை (கலங்கள் நீங்கிய திரவத்தை) பிரித்து, ஆழ உறையவைத்து அனுப்பவேண்டும். காலையில் ஹட்டனில் எடுத்த குழாய், நிலையத்தை மூடிய பிறகு பெட்டியில் ஏறி, கினிகத்தேனை வளைவுகளில் குலுங்கிக் கொழும்புக்குப் போனால், அங்கே அளக்கப்படுவதில் எவ்வளவு உடம்பில் உண்டானது, எவ்வளவு பெட்டியில் உண்டானது என்று யாராலும் பிரிக்கமுடியாது. விடை தெரிந்தாலும் சிகிச்சை மாறாது என்பது கடைசிக் குறை. இந்த எண்ணைப் பார்த்து மருந்தின் அளவைத் தீர்மானிக்கும் வழிகாட்டி நெறி எதுவும் நடைமுறையில் இல்லை.

ஒட்சியேற்றம்தான் குற்றவாளி என்றால் ஒட்சியேற்ற எதிரி மாத்திரை வாங்கிப் போட்டால் என்ன? இதே நிலையங்களின் கண்ணாடி அலுமாரியில் விட்டமின் ஈ போத்தல்கள் நிற்பது இந்த நம்பிக்கையில்தான். அது பரிசோதிக்கப்பட்டுத் தோற்றுப்போன நம்பிக்கை. 2000இல் வந்த ஹோப் ஆய்வில் 9,500க்கு மேற்பட்டோரில் பாதிப் பேருக்கு நாளுக்கு 400 அலகு விட்டமின் ஈ கொடுத்தும் மாரடைப்பு குறையவில்லை. 2002இல் பிரித்தானிய இதயப் பாதுகாப்பு ஆய்வில் 20,536 பேர் கலந்துகொண்டார்கள். விட்டமின் ஈ, சி, பீற்றா கரோட்டின் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தும் பலனில்லை. ஒட்சியேறிய பொஸ்போலிப்பிட்டை உடைக்கும் நொதியத்தைத் தடுக்கும் டராப்லடிப் என்ற மருந்தும் 2014இல் இரண்டு பெரிய ஆய்வுகளில் கைவிட்டது. தேயிலைக்கும் இதே கணக்குத்தான். சோதனைக் குழாயில் தேயிலையிலுள்ள கட்டெச்சின் என்ற பொருள் எல்டிஎல் ஒட்சியேறுவதைத் தடுக்கும். அதை நம்பிப் பச்சைத் தேயிலைச் சத்து மாத்திரை வாங்குவதில் அர்த்தமில்லை. நாளுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் ஈஜிசிஜி (பச்சைத் தேயிலையின் முக்கிய கட்டெச்சின்) போனால் ஈரல் நொதியங்கள் ஏறக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எச்சரித்தது. பிளேன்டீ குடிக்கலாம். சீனியைக் கையில் வைத்துக் கடித்துக் குடிப்பவர்கள் கட்டியின் அளவைக் குறைத்தால் திரைகிளிசரைட்டுக்கு நல்லது.

பலித்தது உள்ளே போகும் துணிக்கைகளைக் குறைப்பது. கொலஸ்ரோலைக் குறைக்கும் ஸ்டட்டின் மருந்தால் எல்டிஎல் ஒரு மில்லிமோல், அதாவது சுமார் 39 மில்லிகிராம் குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய நிகழ்வுகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன. பல பெரிய ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்து வந்த எண் இது. உடம்பின் அழற்சியை ஓர் ஊசியால் நேராக அடக்கினாலும் பலன் உண்டு என்று 2017இல் கன்டோஸ் ஆய்வு காட்டியது. ஆனால் அந்த ஊசி உயிராபத்தான தொற்றுகளையும் கூட்டியது. ஆகவே மாறிய எல்டிஎல்தான் சுவரைக் கெடுக்கிறது என்பது உண்மையாக இருந்தும், மாறுவதற்கு முன்னுள்ள எல்டிஎல்லை அளப்பதுதான் உபயோகமான சோதனை. பெனரில் மலிவாக இருக்கும் வரியே பெறுமதியானது என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

மற்றக் கூடுதல் சோதனைகளையும் பார்த்துவிடலாம். அப்போ-பி நல்ல சோதனை. எல்டிஎல் கொலஸ்ரோல் நிறுவைக்கு வந்த கொழுந்தின் மொத்த எடை என்றால், அப்போ-பி சாக்குகளின் எண்ணிக்கை. சுவருக்குள் நுழைவது சாக்குகள்தான். திரைகிளிசரைட்டு கூடியவர்களுக்கும் நீரிழிவுக்காரருக்கும் எடை குறைவாகத் தெரிந்தாலும் எண்ணிக்கை கூடியிருக்கும். ஆனால் காசு கொடுக்காமலே அதற்குக் கிட்டவான எண் ஒன்று ரிப்போட்டில் இருக்கிறது. மொத்தத்தில் இருந்து எச்டிஎல்லைக் கழித்தால் வருவது அது. மேலே சொன்ன உதாரணத்தில் 194. இந்த எண்ணின் இலக்கு எல்டிஎல் இலக்கைவிட 30 கூட. அங்கே வித்தியாசம் 48; ஆகவே 146 என்ற எல்டிஎல் உள்ளதைக் குறைத்துக் காட்டுகிறது.

லிப்போபுரதம்-ஏ பரம்பரையால் தீர்மானிக்கப்படுவது, வாழ்நாளில் ஒரு முறை போதும். ஒட்சியேறிய பொஸ்போலிப்பிட்டுகளைக் குருதியில் சுமந்து திரியும் முக்கிய வாகனமும் இதுதான். 50 மில்லிகிராமுக்கு மேல் அதிகம். அப்பாவுக்கோ அண்ணனுக்கோ 55 வயதுக்கு முன், அம்மாவுக்கோ அக்காவுக்கோ 65க்கு முன் மாரடைப்பு வந்திருந்தால் இதற்குச் செலவழிக்கலாம். பேக்கேஜ் என்று ஒவ்வொரு வருடமும் திரும்பச் செய்விப்பவர்களிடம் இரண்டாம் தடவை வேண்டாம் என்று சொல்லுங்கள். எச்எஸ்-சிஆர்பி மலைநாட்டில் அடிக்கடி ஏமாற்றும். காலில் புண், தடிமன், பல் வீக்கம் எதுவும் அதை ஏற்றிவிடும். லீற்றருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் வந்தால் அது இதயக் கணக்கே இல்லை. உடம்பு தேறிய பிறகு திரும்ப எடுக்கவேண்டும்.

இரத்தம் எடுக்கும் முறையில்தான் நிலையத்துக்கு நிலையம் தரம் மாறுகிறது. பத்து முதல் பன்னிரண்டு மணிநேரம் வெறும் வயிறு என்பார்கள், தண்ணீர் குடிக்கலாம். தோட்டத்தில் இருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து டவுனுக்கு வந்து வரிசையில் நின்றால் அது பதினைந்தாகிவிடும். இன்சுலின் அல்லது கிளிக்கிளசைட்டு என்ற நீரிழிவு மாத்திரை பாவிப்பவருக்கு அது ஆபத்து. தலைசுற்றல் வந்தால், ஆள் நினைவோடு இருக்கும்போதே, சோதனையைப் பார்க்காமல் சீனி கொடுக்கவேண்டும். உண்மையில் முதல் தடவை பார்ப்பவருக்கு வெறும் வயிறு கட்டாயமில்லை. 2016இல் ஐரோப்பிய நிபுணர் குழு சாப்பிட்ட பின்னரும் எடுக்கலாம் என்று ஏற்றுக்கொண்டது. சாப்பாட்டால் திரைகிளிசரைட்டு சராசரி 26 மில்லிகிராம் கூடும், எல்டிஎல் 8 குறையும், அவ்வளவுதான். திரைகிளிசரைட்டு எகிறியிருந்தால் மட்டும் வெறும் வயிற்றில் திரும்ப எடுக்கலாம்.

ஏற்றம் ஏறி வந்த கையோடு ஊசி போடவிடக்கூடாது. ஐந்து பத்து நிமிடம் உட்காரவேண்டும். நின்றபடி இருந்த உடம்பில் நீர் கீழிறங்கிக் குருதி செறிந்து எண்கள் கூடிக் காட்டும். கையில் கட்டும் பட்டி ஒரு நிமிடத்துக்கு மேல் இறுகியிருந்தாலும் அப்படித்தான். ஜெல் குழாயானால் நிமிர்த்தி வைத்து அரை மணிநேரம் உறையவிட்டு, இரண்டு மணிநேரத்துக்குள் சுழற்றிப் பாயத்தை (மேலே நிற்கும் மஞ்சள் நீரை) பிரிக்கவேண்டும். பிரித்த பாயம் 2 முதல் 8 பாகை குளிரில் சில நாள் தாங்கும். சுழற்றும் இயந்திரம் இல்லாத நிலையம், முழு இரத்தத்தை அப்படியே ஐஸ் பெட்டியில் போட்டு அனுப்பினால் சிவப்பணுக்கள் உடைந்து பாயம் சிவந்து போகும். “இங்கேயே சுழற்றுவீர்களா, எத்தனை மணிக்கு வாகனம் போகும்?” என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறும் இடத்தில் கொடுக்காதீர்கள். நகரத்தின் பெரிய பெயரைவிட இந்தக் கேள்விக்குச் சரியான பதில் தரும் சின்ன இடம் மேல்.

காய்ச்சலோடு எடுத்தால் எல்டிஎல் குறைந்து காட்டும். மாரடைப்பு வந்து ஒரு நாளுக்குப் பிறகும் அது இறங்கும், அந்த எண்ணை நம்பி மருந்தை விடக்கூடாது. தைரொயிட்டு குறைந்திருந்தால் எல்டிஎல் ஏறும். திடீரென்று 190ஐத் தாண்டியவர் டிஎஸ்எச் என்ற தைரொயிட்டுச் சோதனையைப் பார்த்துவிட்டுத்தான் மேலே யோசிக்கவேண்டும். கர்ப்ப காலத்தில் எல்லாமே ஏறும், பார்ப்பதில் பயனில்லை. 130 இருந்தது 122 ஆனதைக் கொண்டாட வேண்டாம், ஒரே ஆளுக்கு நாளுக்கு நாள் அவ்வளவு மாறும்.

சேவையில் ஆகப்பெரிய குறை ரிப்போட்டிலேயே இருக்கிறது. எல்லாம் ஆங்கிலத்தில். எல்லோருக்கும் ஒரே எல்லை போட்டு, அதைத் தாண்டினால் மட்டும் தடித்த எழுத்தில் குறி. எல்டிஎல் 118 என்றால் குறியில்லாமல் வரும், ஆளும் நிம்மதியாக வீட்டுக்குப் போவார். அவருக்கு ஸ்டென்ட் வைத்திருந்தால் இலக்கு 55க்குக் கீழ். நீரிழிவோடு வேறு ஆபத்துகளும் இருந்தால் 70க்குக் கீழ். 118 அவருக்கு மிக அதிகம். ஆளின் நோய் வரலாறு முழுவதும் தெரிந்த வைத்தியர் பார்க்காத வரை அந்தத் தாள் பாதிச் சேவைதான். வட்ஸ்அப்பில் ரிப்போட் அனுப்புகிறவர்கள் தமிழில் நாலு வரி சேர்த்து அனுப்பினால் என்ன குறைந்துவிடும்?

விரலில் குத்திப் பார்க்கும் கருவி முகாம்களுக்குப் பரவாயில்லை. அதை வைத்து மருந்து கூட்டிக் குறைக்கக்கூடாது. காசு இறுக்கமானவர்கள் முதலில் அரசாங்கத்தின் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையத்துக்குப் போகலாம். எடை, குருதியழுத்தம், சீனி பார்ப்பார்கள், வசதியுள்ள இடங்களில் கொலஸ்ரோலும் உண்டு, கட்டணமில்லை. அங்கிருந்து நுவரெலியா, டிக்கோயா, பதுளை வைத்தியசாலைகளின் கிளினிக்குக்கு அனுப்பினால் அடோவாஸ்டட்டின் என்ற ஸ்டட்டின் மாத்திரை கையிருப்பில் இருக்கும்வரை இலவசம். தனியாருக்குக் கொடுக்கும் காசை மருந்து தொடங்கிய பிறகு எடுக்கும் இரண்டாவது சோதனைக்கு மிச்சம் பிடிப்பதே கெட்டித்தனம். அது நாலு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள், முடிந்தால் அதே ஆய்வுகூடத்தில் செய்யவேண்டும். உயர் அளவு ஸ்டட்டின் எடுத்தும் எல்டிஎல் பாதியாகக் குறையவில்லை என்றால் முதலில் மாத்திரை அட்டையை எண்ணிப் பாருங்கள். நெஞ்சு இறுக்கம் வந்த ஆளை இரத்தம் எடுக்கும் நிலையத்துக்குக் கூட்டிப்போகக்கூடாது. 1990 அம்புலன்ஸ் எண்ணுக்கு அழைத்து ஈசிஜி உள்ள வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவேண்டும்.